மோல்டோடு சேர்ந்து போனவை: சின்ன யூனிட் நடத்துபவர்களுக்கு என் அனுபவம்

அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று சென்னையைச் சுற்றிச் சின்ன யூனிட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனி ஒன்று நம்மைக் கூப்பிட்டு, "இந்தப் பாகத்துல எங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கு, நீங்க தீர்த்துக் குடுங்க, பிசினஸ் உங்களுக்குத்தான்" என்று சொன்னால் மனசு நிறைந்துவிடும். நம் வேலையை ஒருத்தர் மதிக்கிறார் என்கிற சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தில் தொடங்கிய ஒரு வேலையில் எனக்கு ஏறக்குறைய பதினொரு லட்ச ரூபாய் போனது. அதைவிட, எங்கள் ஷெட்டுக்குள் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசுவதே கொஞ்ச காலம் நின்றுபோனது. இதைத்தான் நான் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். இதெல்லாம் இப்படி நடக்கும், இந்த இடத்தில் கவனமாக இரு என்று யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்களுடையது பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு என்னும் உலோக அச்சுக்குள் செலுத்திப் பாகம் செய்யும் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகை ஷெட், 80 டன் மெஷின் இரண்டு, பிறகு கடனில் வாங்கிய 150 டன் ஒன்று. நான் கிண்டியில் சிப்பெட் என்னும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ படித்துவிட்டு, வேறு கம்பெனிகளில் வேலை பார்த்து, அப்புறம் சொந்தமாகத் தொடங்கியவள். 2022-இல் ஒரகடம் பக்கம் இருக்கும் ஓர் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம். அவர்களிடம் ஒரு ஹவுசிங், அதாவது உள்பாகங்களை மூடும் உறை, இருந்தது, நைலான் 66-இல் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த மெட்டீரியல். சீல் உட்காரும் முகம் 0.3 மில்லிமீட்டருக்குள் தட்டையாக இருக்க வேண்டும். யார் ஓட்டினாலும் வளைந்தது. நூற்றுக்குப் பதினைந்து, இருபது ரிஜெக்‌ஷன்.

கண்ணாடி இழை கலந்த நைலானில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். உருகிய மெட்டீரியல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இழைகள் படுத்துக்கொள்ளும். இழை படுத்த திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம். இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சுருங்கினால் பாகம் முறுக்கிக்கொள்ளும். ஆக, மெட்டீரியல் உள்ளே நுழையும் கேட் எங்கே இருக்கிறது என்பதுதான் பாதிப் பிரச்சினை. அவர்கள் கொடுத்த டிசைனில் கேட் குறுகிய பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. நாங்கள் மோல்டுக்குள் பொருத்தும் துண்டான இன்சர்ட்டை மாற்றி கேட்டை நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தோம். மோல்டுக்குள் குளிர்ந்த தண்ணீர் விடுவதை நிறுத்தி, டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கி மோல்டை 85 டிகிரியில் பிடித்தோம். நைலான் ஈரத்தை இழுக்கும், அதுவும் சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். 80 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தாமல் ஹாப்பரில் கொட்டக் கூடாது என்று விதி வைத்தோம்.

மெஷினில் மோல்டை மாட்டிச் செட்டிங் வைக்கும் எங்கள் செட்டர் அண்ணன் இன்னொன்று கண்டுபிடித்தார். சூடாக வெளியே வரும் பாகத்தை அப்படியே ட்ரேயில் போடாமல், அலுமினியக் கட்டையில் அவரே கடைந்த ஒரு ஜிக்கில், அதாவது பாகத்தைப் பிடித்து வைக்கும் சட்டத்தில், ஆறும் வரை அழுத்தி வைத்தார். அழுத்தம் நடுவில் கொஞ்சம் கூடுதலாக விழும்படி ஷிம் என்னும் மெல்லிய தகடு ஒன்றை அடியில் வைத்திருந்தார். அந்த ஷிம்மின் கனம் எவ்வளவு, அதை எந்த இடத்தில் வைப்பது என்பதெல்லாம் எந்த டிராயிங்கிலும் கிடையாது. ஆறிய பாகத்தை கிரானைட் பிளேட்டில் கவிழ்த்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, நுழையாத அன்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்தது.

இந்த மாற்றங்களுக்கான செலவு முழுக்க எங்களுடையது. இன்சர்ட் வேலை, டெம்பரேச்சர் கன்ட்ரோலர், ட்ரையலுக்குக் கொட்டிய மெட்டீரியல், ஜிக், எல்லாம் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டியது. மோல்டுக்கான பிஓ, அதாவது எழுத்து மூலமான ஆர்டர், 9 லட்சம். அதில் 70 சதவீதம் முதலிலேயே வந்தது, மீதி ஒப்புதல் கிடைத்த பிறகு என்று பேச்சு. கூடுதல் செலவைப் பற்றிக் கேட்டபோது அவர்களுடைய பர்ச்சேஸ் மேனேஜர், "பீஸ் ரேட்ல பாத்துக்கலாம் மேடம், மூணு வருஷம் இந்தப் பாகம் உங்ககிட்டதான் ஓடப்போகுது" என்றார். நல்ல மனிதர். இதை நான் இப்போதும் சொல்வேன். எங்கள் ஷெட்டுக்கே வந்து செட்டர் அண்ணனோடு நின்று பார்த்தார், அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார். சொன்னதை அவர் காப்பாற்றியிருப்பார் என்றே நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் 150 டன் மெஷினையும் எடுத்தேன். மாதம் 42 ஆயிரம் தவணை.

அடுத்து பீபேப் (PPAP) வந்தது. வண்டி உதிரிபாகத் தொழிலில் உற்பத்தி தொடங்கும் முன் ஒப்புதல் வாங்குவதற்கான கோப்பு அது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் சின்ன யூனிட்டின் அறிவு வெளியே போகும் வாசல் இதுதான். மொத்தம் 18 வகை ஆவணங்கள். அவற்றில் புராசஸ் ஃப்ளோ, எஃப்எம்இஏ, கன்ட்ரோல் பிளான் மூன்றும் இருக்கும். எங்கே எது தவறலாம், அதை எப்படித் தடுக்கிறோம், எந்த டெம்பரேச்சர், எந்த அழுத்தம், எத்தனை விநாடி என்று நம் கைவேலை முழுவதும் அந்தத் தாள்களில் உட்கார்ந்திருக்கும். எங்களிடம் வழக்கமான மூன்றாம் லெவல் கேட்டார்கள், அதாவது எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தோம். ஜிக் படம், ஷிம் வைத்த இடம், ட்ரையர் செட்டிங் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் போனது, அவர்களுடைய குவாலிட்டி இன்ஜினியர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பீபேப்பில் ஐந்து லெவல் உண்டு. ஐந்தாம் லெவலில் ஆவணங்கள் முழுவதையும் தயாரிப்பவரின் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டு ஒப்புதல் தரலாம். நாலாவது, வாடிக்கையாளர் எதெதைக் கேட்கிறாரோ அதை மட்டும் கொடுப்பது. இதையெல்லாம் பேசி முடிவு செய்யலாம். எஃப்எம்இஏவைக் கையில் கொடுக்காமல், "இங்கே வந்து பாருங்க, எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளுங்க, பிரதி மட்டும் வெளிய போகாது" என்று சொல்லும் சப்ளையர்கள் இருக்கிறார்கள், பெரிய கம்பெனிகள் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்கின்றன. இப்படிக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று சின்ன யூனிட்காரர்களிடம் ஒரு பயம் இருக்கிறது. என் அனுபவத்தில், ஆரம்பத்திலேயே மரியாதையாகக் கேட்டால் போவதில்லை. கோப்பை அனுப்பிவிட்டுப் பிறகு கேட்டால்தான் யாரும் காது கொடுப்பதில்லை.

பாகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த பர்ச்சேஸ் மேனேஜர் வேறு கம்பெனிக்கு மாறிப் போனார். போகும் முன் போன் செய்து சொன்னார், "புதுசா வர்றவருகிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போறேன் மேடம்." புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மேசைமேல் இருந்த கோப்பும், விலைக் குறைப்பு இலக்கும். எங்களுடைய கன்ட்ரோல் பிளானையே இணைத்து இன்னும் இரண்டு மோல்டர்களிடம் விலை கேட்டார். ஒருவர் எங்களைவிடக் குறைவாகச் சொன்னார். ட்ரையலுக்குக் கொட்டிய பணம் அவருக்கு இல்லையே, குறைவாகத்தான் சொல்ல முடியும். 2023 நடுவில் மோல்டை எடுத்துப் போகிறோம் என்று மெயில் வந்தது. மோல்டு அவர்கள் பிஓவில் செய்தது, தர மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. வண்டி வந்தது. செயின் பிளாக்கில் மோல்டை இறக்கும்போது எங்கள் செலவில் மாற்றிய இன்சர்ட்டும் உள்ளேயேதான் இருந்தது. ரிட்டர்னபிள் சலான் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். ஷெட் காலியாகிவிட்ட மாதிரி இருந்தது.

அதோடு முடியவில்லை. புது மோல்டரிடம் பாகம் மறுபடி வளைந்தது. அவர்கள் கையில் நம்பர் எல்லாம் இருந்தது, ஆனால் ஜிக்கில் ஷிம் வைக்கும் கை இல்லை. அந்த குவாலிட்டி இன்ஜினியர் எங்கள் செட்டர் அண்ணனுக்கு நேராகப் போன் செய்தார். மாதக்கணக்கில் பழகியவர், மரியாதையாகப் பேசுபவர். அண்ணனும் ஒரு சக தொழிலாளிக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். அதில் அவர்மேல் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. ஒரு நல்ல கைவினைஞர் கேட்டவருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பார்? ஆனால் விஷயம் தெரிந்தபோது அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, "எனக்கு அது நம்ம கம்பெனி வேலைன்னுதான் மேடம் தோணுச்சு" என்றாரே, அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூடுதல் செலவு நாலு லட்சம் திரும்பி வரவில்லை. மோல்டு பிஓவில் பாக்கி 2.7 லட்சத்தை, ஏதோ தரக் குறைபாடு என்று டெபிட் நோட் (பாக்கியில் கழித்துக்கொள்ளும் கடிதம்) போட்டு நிறுத்தினார்கள். மெஷின் சும்மா நின்ற மாதங்களின் தவணை, வாங்கி வைத்திருந்த மெட்டீரியல், நிறுத்தி வைக்க மனமில்லாமல் கொடுத்த சம்பளம் எல்லாம் மீதி. வீட்டில் நகை வங்கிக்குப் போனது. அம்மாவிடம் சொல்லவில்லை. சங்கத்துக் கூட்டத்துக்குப் போனால் எல்லோரும் ஆர்டர் பற்றிப் பேசுவார்கள், நான் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்படி ஆனது என்று வெளியே சொன்னால் அடுத்த வாடிக்கையாளர் நம்மைத் தகராறுக்காரி என்று நினைப்பாரோ என்று பயம். இதே கதை எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது, அவர்களும் இதே பயத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கும் வட்டாரத்தில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "என்டிஏ போட்டிருக்கீங்களா?" தகவலை ரகசியமாக வைப்பதற்கான ஒப்பந்தம் அது. போட்டிருந்தோம். எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு, "இது ஒருபக்க ஒப்பந்தம் மேடம். அவங்க டிராயிங்கை நீங்க வெளிய குடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. நீங்க அவங்களுக்குக் குடுக்கிறதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல" என்றார். வாடிக்கையாளர் அனுப்பும் என்டிஏக்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். அதை இருபக்கமாக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கேட்கும்போது நாம் கொடுக்கும் எதெல்லாம் ரகசியம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், புராசஸ் செட்டிங், ஜிக் டிசைன், எஃப்எம்இஏ, ட்ரையல் ரிப்போர்ட் என்று. "அனைத்து தகவல்களும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். எத்தனை வருஷத்துக்கு, பிசினஸ் நின்றால் திருப்பித் தருவார்களா அழிப்பார்களா, வேறு சப்ளையருக்குக் காட்டலாமா, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், இவை நாலும் இருக்க வேண்டும்.

காப்புரிமை பற்றியும் கேட்டேன். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், சிறு நிறுவனமாக இருந்தால் அரசின் உத்யம் பதிவைக் காட்ட வேண்டும். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். ஆனால் சாதாரணமாக 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியிடப்படும், ஊருக்கே தெரிந்துவிடும். கிடைத்தால் 20 வருஷப் பாதுகாப்பு. கேட்டை இடம் மாற்றியதும் டெம்பரேச்சரைக் கூட்டியதும் இந்தத் துறையில் தேர்ந்தவர் யோசித்தால் எட்டக்கூடியவை, காப்புரிமைக்கு நிற்காது என்றார். ஜிக்கைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் அதை ஏற்கனவே எந்த நிபந்தனையும் இல்லாமல் காட்டியாகிவிட்டதே என்றார். புதுசாக ஏதாவது செய்தால், வெளியே காட்டும் முன், கண்காட்சியில் வைக்கும் முன், தாக்கல் செய்வதா ரகசியமாக வைப்பதா என்று முடிவு எடுக்க வேண்டும் என்று அன்று புரிந்தது. நந்தம்பாக்கத்தில் மெஷின் டூல் கண்காட்சிக்கு ஸ்டால் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்து வரைவு மசோதாவும் இணைத்தது. தனிச் சட்டம் வரும்வரை ஒப்பந்தம்தான் நமக்குப் பெரிய ஆதாரம், நம்பிச் சொன்னதை மீறினார் என்று நீதிமன்றத்தில் வாதாடவும் அது கை கொடுக்கும். வேலையை விட்டுப் போகிறவரைப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஷரத்து, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. நம் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற ஷரத்து வேறு, அதற்கு மதிப்பு உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் தொழிலாளர்களிடம் மிரட்டும் தாள்களில் கையெழுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆட்களை இழப்பதுதான் மிச்சம்.

இந்த எல்லாவற்றுக்கும் நடுவே ஷெட்டுக்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பயம் வந்தபின் நாங்கள் எல்லாவற்றையும் பூட்டினோம். செட்டிங் புத்தகம் அலமாரிக்குள் போனது. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தோம். செட்டர் அண்ணன் போன் எடுப்பதையே குறைத்துக்கொண்டார். ராத்திரி ஷிஃப்ட் பையன் ஒரு மோல்டில் ஹோல்டிங் பிரஷரை மாற்றி நல்ல ரிசல்ட் பார்த்திருக்கிறான், காலையில் வந்தவர்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எதுக்கு மேடம், அப்புறம் யாரு யாருகிட்ட சொன்னாங்கன்னு கேள்வி வரும்" என்றான். ஒரே தப்பை இரண்டு ஷிஃப்ட்டும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகச் சரிசெய்தன. அந்த அரை வருஷத்தில் புது யோசனை என்று ஒன்றுகூட எங்கள் ஷெட்டிலிருந்து வரவில்லை. வெளியே கசிந்தது ஒரு பாகத்தின் அறிவு. உள்ளே அடைத்துவைத்ததில் எல்லாப் பாகத்துக்குமான அறிவும் வற்ற ஆரம்பித்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் பேனல் போர்டுகளும் மோட்டார்களும் நனைந்தன. மேடான பகுதியில் ஷெட் வைத்திருக்கும் ஒரு அண்ணன், எங்கள் தொழிலிலேயே போட்டியாளர், தண்ணீர் வடியும் முன்பே போன் செய்தார். "மோல்டைக் கொண்டாந்து என் மெஷின்ல மாட்டும்மா, டெலிவரி நிக்க வேணாம்." கொண்டுபோனோம். செட்டிங் புத்தகத்தையும் கொண்டுபோனோம், வேறு வழியில்லை. எங்கள் செட்டரும் அவர் செட்டரும் ஒரே மெஷின் முன்னால் நின்று வேலை செய்தார்கள். போட்டியாளரிடம் எல்லாவற்றையும் காட்டினோம், இன்றுவரை அதில் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை. என்டிஏ இருந்த இடத்தில் போனது, எந்தத் தாளும் இல்லாத இடத்தில் காப்பாற்றப்பட்டது. இதைப் பல நாள் யோசித்தேன்.

எனக்குக் கிடைத்த பதில் இது. அந்த அண்ணனை நான் தினமும் பார்க்கிறேன். நாளைக்கு அவர் மெஷின் நின்றால் என்னிடம்தான் வருவார். அவர் எனக்குத் துரோகம் செய்தால் எஸ்டேட் முழுக்கத் தெரியும். அவர் வேறு கம்பெனிக்கு மாறிப்போகப் போவதில்லை, அவரேதான் கம்பெனி. ஒரகடத்தில் நான் நம்பியது ஒரு மேனேஜரை. அவரும் நம்பிக்கைக்கு உரியவர்தான். ஆனால் ஆள்மேல் வைத்த நம்பிக்கை அவர் நாற்காலியில் அடுத்து உட்காருபவருக்கு வராது. அவர் மனசில் இருந்த மூன்று வருஷ வாக்குறுதி அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது, கோப்பு மட்டும் மேசையில் இருந்தது. எழுதி வாங்குவது அவநம்பிக்கையின் அடையாளம் என்று நம் ஊரில் ஒரு கூச்சம் உண்டு. நல்லவரிடம்தான் எழுதி வாங்க வேண்டும், அவருடைய நல்ல எண்ணம் அவர் போன பிறகும் அங்கே இருப்பதற்காக.

ஜப்பானில் 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் கம்பெனியின் காரியா ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா வண்டிகளின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு மிகக் குறைவு, டொயோட்டா ஆலைகள் நின்றன. ஐசின் தன் டிராயிங்கை மற்ற சப்ளையர்களுக்குத் திறந்து கொடுத்தது. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வு கடைந்து கொடுத்தது. விலை பேசிக்கொண்டு யாரும் உட்காரவில்லை, சில நாட்களில் வால்வு வர ஆரம்பித்தது. சிப்பெட்டில் படித்தபோது சும்மா கேட்டுக்கொண்ட கதை இது, மிக்ஜாம் வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்படிக் கதவைத் திறக்க வேண்டுமென்றால், திறந்தவருக்குப் பின்னால் நஷ்டம் வராது என்று பல வருஷமாகப் பழகிப் பார்த்திருக்க வேண்டும். இங்கே பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. அந்தத் தரமுறை வேலைகளின் அடிப்படையே தொழிலாளி தன் பிரச்சினையைப் பயமில்லாமல் போர்டில் எழுதுவதுதான். எழுதினால் திட்டு விழும் இடத்தில் யார் எழுதுவார்கள்?

2024-இல் இன்னொரு வாடிக்கையாளர் வந்தார். இந்த முறை படிப்படியாகப் போனோம், உங்களுக்கும் அதையே சொல்வேன். முதல் சந்திப்பில் என்ன சாதிக்க முடியும் என்பதைக் காட்டினோம், எப்படி என்பதைச் சொல்லவில்லை. சாம்பிளையும் அளவெடுத்த ரிப்போர்ட்டையும் கொடுத்தோம். இருபக்க என்டிஏ கையெழுத்தான பிறகு மெட்டீரியல் மோல்டுக்குள் எப்படி ஓடும் என்று கணினியில் கணித்த மோல்ட் ஃப்ளோ ரிப்போர்ட்டின் முடிவுப் பக்கம். டெவலப்மென்ட் செலவுக்குத் தனி பிஓ வந்த பிறகு முழு விவரம். பிஓவிலேயே சில வரிகளைச் சேர்த்தோம்: மோல்டு அவர்களுடையது, எங்கள் செலவில் செய்த இன்சர்ட்டும் ஜிக்கும் அதற்கான தொகை வரும்வரை எங்களுடையது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு முன்னால் மோல்டை எடுத்தால் மீதி டெவலப்மென்ட் செலவைத் தந்துவிட்டு எடுக்க வேண்டும், எங்கள் யோசனையால் மிச்சமாகும் செலவில் முதல் வருஷம் பாதி எங்களுக்கு. எஃப்எம்இஏவை இங்கே வந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய பர்ச்சேஸ் ஆள் முகம் சுளிக்கவில்லை. "இப்படி எழுதிட்டா எங்க ஃபைனான்ஸுக்கும் ஈஸி" என்றார். அதைவிட முக்கியம், போனில் பேசும் எந்த வாக்குறுதியையும் அன்று சாயங்காலமே மெயிலில் எழுதி அனுப்பிவிடுகிறேன். "இன்று பேசியபடி" என்று தொடங்கும் நாலு வரி போதும்.

ஷெட்டுக்குள் செட்டிங் புத்தகம் அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் செய்தது என்று பெயர் எழுதுகிறோம், திட்டுவதற்காக இல்லை, அந்த யோசனை யாருடையது என்று நிற்பதற்காக. வாடிக்கையாளர் ஆட்கள் நேராகப் போன் செய்தால், "மேடம்கிட்ட ஒரு மெயில் போடுங்க சார், நானே பதில் எழுதித் தர்றேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறார் செட்டர் அண்ணன். யாரையும் முறைத்துக்கொள்ளாமல் தகவல் எழுத்துக்கு வந்துவிடுகிறது. ராத்திரி ஷிஃப்ட் பையன் இப்போது காலையில் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்புகிறான், சொல்ல விஷயம் இருக்கிறது.

கடைசியாகப் பாக்கிப் பணம். குறு, சிறு நிறுவனமாக உத்யமில் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. அரசின் இணையத் தளத்தில் புகார் பதிந்தால், சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். பதிவை ஆர்டர் எடுக்கும் முன்பே செய்து வைத்துக்கொள்வது நல்லது, தகராறு வந்த பிறகு செய்தால் அதையே எதிர்வாதமாக வைப்பார்கள். டெபிட் நோட் வந்தால் பேசாமல் இருக்காமல், ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில் பதில் போட வேண்டும். நான் போட்டேன். மோல்டு போன அன்று வாங்கிய சலான், இன்சர்ட்டுக்கு நான் கட்டிய ஜிஎஸ்டி பில், ரிஜெக்‌ஷன் குறைந்ததைப் பாராட்டி அந்தப் பழைய மேனேஜர் அனுப்பிய ஒரு மெயில் எல்லாவற்றையும் சேர்த்து 2.7 லட்சத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். அந்த மெயிலைத் தேடி எடுக்க அவரும் உதவினார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.